சதை பிடித்த உடம்பு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு நோயாளியைப் பார்க்க வரத் தெரியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ரிப்போர்ட் என்ன சொல்லுது?" என்று கேட்கிறார்கள். சாப்பிட்டானா, தூங்கினானா, வாய்க்கு ஏதாவது பிடிக்கிறதா என்று ஒருத்தன் கேட்பதில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தால் போனைத் தடவிக்கொண்டே, தனக்குத் தெரிந்த யாருக்கோ இதே வியாதி வந்து போய்ச் சேர்ந்த கதையை விலாவாரியாகச் சொல்கிறார்கள். போகும்போது நோயாளி தொடவே கூடாத பழங்களை மேஜைமேல் வைக்கிறார்கள். அதிலும் சில பேர், "அவர்தான் சாப்பிடக் கூடாதே" என்று சொல்லி, கொண்டுவந்ததில் ஒன்றை உரித்துத் தானே தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள்.

கறிக்கடைக்காரருக்கு இதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது. கடையை மூடிப் பல வருஷம் ஆகியிருந்தாலும் தெருவில் அவருக்கு அதுதான் பேர். மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாளிலிருந்து வாசல் கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்களை அங்கேயே மடக்கி அங்கேயே திருப்பி அனுப்பினார்.

எதிர்வீட்டில் ஒரு ரிட்டையர்டு கண்டக்டர். அவர் மட்டும் லேசில் நகர மாட்டார்.

"என்ன ஆபரேஷன்னு சொன்னீங்க?"

"ஆபரேஷன் இல்லய்யா. மூல செல் மாத்தியிருக்காங்க. தங்கச்சி உடம்புலேருந்து எடுத்து இவனுக்கு ஏத்தியிருக்காங்க."

"மூலத்துக்கா இத்தனை மாசம் படுக்க வச்சாங்க? எங்க மச்சானுக்கு ஒரே வாரத்துல சரியாப் போச்சே!"

"உங்க மச்சானுக்கு வந்தது உட்கார்ற இடத்துல. என் பையனுக்கு வந்தது ரத்தத்துல. போங்க, போய் வீட்ல பேப்பர் படிங்க."

கறிக்கடைக்காரருக்குப் புரிந்தவரை விஷயம் இவ்வளவுதான். ரத்தம் ஊறுவது எலும்புக்குள். மகனுக்கு அந்த ஊற்றே கெட்டுப்போய்விட்டது. மருந்தை ஏற்றி அதை அடியோடு வற்ற அடித்துவிட்டு, தங்கையின் ரத்தத்திலிருந்து புது ஊற்றுக்கு விதை எடுத்து இவனுக்குள் போட்டிருக்கிறார்கள். விதை முளைத்துவிட்டது என்று டாக்டர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். முளைத்தது சரி, ஆள் எங்கே? வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல், வாந்தியும் பேதியுமாகக் கிடந்து எழுந்தவனைப் பார்த்தபோது கறிக்கடைக்காரருக்கு அடையாளம் தெரியவில்லை. ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற ஒயர்மேன் அவன். இப்போது சட்டைதான் நடந்து வந்தது, அவன் உள்ளே எங்கோ இருந்தான்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு டாக்டரம்மா வந்து பேசினாள். என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்வது அவள் வேலை. சின்ன வயசு, நெற்றிவரை தொப்பி, மூக்கிலிருந்து தாடைவரை முகமூடி. மருமகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம் அது. அறையில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். வெளியே நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் முகமூடிக்குள்ளிருந்து அவள் சொன்னதில் அவர் காதில் நன்றாக விழுந்தது ஒன்றுதான்.

"எடையை மட்டும் பார்க்காதீங்க ஐயா. சதை போடணும். அதுதான் முக்கியம்."

மீதியைக் காகிதத்தில் தருகிறேன் என்றாள். "காகிதத்தைப் படிக்கிறவங்ககிட்ட குடும்மா. எனக்கு வாயால சொன்னதே போதும்," என்றார். உண்மையில் போதும்தான். சதை போட வைப்பதை அவருக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா?

கடைக்கு மெலிந்த ஆடு வந்தால் என்ன செய்வார்? மேய விடமாட்டார். ஓடுகிற ஆடு ஒட்டித்தான் போகும். கயிற்றைக் குட்டையாகக் கட்டி, நின்ற இடத்திலேயே தீனியைக் கொட்டி, படுக்க விடுவார். கொஞ்ச நாளில் விலாவெலும்பு மறைந்துவிடும். மனுஷனுக்கும் அதே உடம்புதானே.

மருமகள் தையல் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவள். ஏற்கெனவே எடுத்த லீவுக்கே முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அதனால் பகலெல்லாம் மகன் அப்பா கையில். காலையில் சர்க்கரை அள்ளிப் போட்ட பால், வெண்ணெய் தடவிய ரொட்டி. மதியம் குழையக் குழையச் சோறு, வறுத்த உருளைக்கிழங்கு. நடுநடுவே பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து ஸ்பூனால் ஊட்டினார். டாக்டர் கொடுத்த ஏதோ மாத்திரைக்கு அகோரப் பசி வேறு எடுத்தது. மகன் சாப்பிடச் சாப்பிட இவருக்கு மனசு குளிர்ந்தது.

மருமகள் தினமும் முட்டை அவித்து மூடி வைத்துவிட்டுப் போவாள். முதல் நாள் அந்த வாடைக்கே மகனுக்குக் குமட்டியது. அதோடு அதை நிறுத்திவிட்டார். வீணாகக் கூடாது என்று தானே தின்றார். அவளிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மகன் நாற்காலியிலிருந்து அசைந்தால் இவர் எழுந்துவிடுவார்.

"எங்கடா போற?"

"சும்மா, ஜன்னல்கிட்ட."

"ஜன்னல்ல என்ன இருக்கு? உட்காரு. என்ன வேணும் சொல்லு, நான் எடுத்தாறேன்."

"காத்துப்பா. காத்தை எடுத்தாங்க."

"ஃபேனைப் போட்டா வந்துட்டுப் போகுது."

மருமகள் ஒருநாள் சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் கேட்டாள். "மாமா, இவர் கொஞ்சம் நடக்கணும் இல்ல? அந்த வார்டுல எல்லாரையும் நடக்கச் சொல்லுவாங்களே."

"அதே வார்டுல, வெளிய போனா கிருமி தொத்தும்னும் சொன்னாங்க. எதைக் கேக்கணும்னு நீயே சொல்லு. டாக்டரம்மா எங்கிட்ட நேரா சொல்லியிருக்கா. உங்கிட்டயா சொன்னா?"

"இல்ல மாமா."

"அப்ப விடு."

அவள் விட்டாள். விடாமல் என்ன செய்வாள்? ஆள் தேறுவது கண்ணுக்கே தெரிந்தது. கன்னம் உப்பியது. தொப்பை வைத்தது. கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்டன. கடையிலிருந்து கொண்டுவந்து சமையலறை மூலையில் போட்டிருந்த பெரிய தராசில் மகனை மறுபடியும் ஏற்றி நிறுத்திப் பார்த்தார். முள் போன தடவையைத் தாண்டி நின்றது. கண்டக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தீங்களா? ஆள் உடம்பு போட்டுட்டான்."

"அட, மாப்பிள்ளை மாதிரி இருக்காரே!"

மகன் தராசிலிருந்து இறங்கச் சுவரைப் பிடித்தான். அதை யாரும் பார்க்கவில்லை. காண்ட்ராக்டர் போன் செய்து, "ஏணி ஏற முடியும்னா சொல்லுப்பா, உன் இடத்தை இன்னும் யாருக்கும் குடுக்கல," என்று சொல்லியிருந்தான். அந்த ஏணிதான் மகனுக்கு ராத்திரி பகல் எல்லாம். சாப்பிடும்போதும் நினைப்பு அதிலேயே இருந்தது. "இன்னும் கொஞ்சம் சதை பிடிக்கட்டும்டா, ஏணி எங்கயும் ஓடாது," என்று அப்பா இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

ஒருநாள் காலையில் மருமகள் வேலைக்குப் போன பிறகு கழிப்பறைக்குப் போன மகன் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கதவைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடியும் தட்டினார்.

"அப்பா." குரல் சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல் இருந்தது. "எழுந்திரிக்க முடியல."

உள்ளே போனார். விழவில்லை, அடிபடவில்லை. உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடி இருந்தான். குழாயைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறான். குழாய் சாய்ந்திருந்தது. இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கினார். முழு ஆட்டைக் கொக்கியில் மாட்டி இறக்கிய கை அது. உயிருள்ள உடம்பைத் தூக்கினால் அதுவும் நம்மோடு சேர்ந்து கொஞ்சம் எழும்பும். மகன் உடம்பு எழும்பவில்லை. கனம் முழுவதும் இவர் கையில்தான் விழுந்தது. வேட்டிக்கு வெளியே தெரிந்த தொடையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய தொப்பைக்குக் கீழே அந்தத் தொடை யாருடையதோ போல ஒட்டிக்கொண்டிருந்தது.

கட்டிலில் கொண்டுவந்து கிடத்தினார். மகன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"அவகிட்ட சொல்லாதீங்க."

இவருக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கி முடிந்ததும் கோபம் வந்தது. இவ்வளவு தீனி போட்டும் எழுந்திருக்க முடியவில்லை என்றால் கோளாறு தீனியிலா? மருந்தில்தான். எதையோ தப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். சோற்றைப் போட்டு உடம்பை இவர் ஏற்றுகிறார், மாத்திரையைக் கொடுத்துக் காலை அவர்கள் முடக்குகிறார்கள். அடுத்த செக்கப்புக்குத் தானும் வருவதாகச் சொன்னார். மருமகள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டு டாக்டரம்மாவின் அறை சின்னது. ஒரு மேஜை, கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, சுவரில் தட்டும் கிண்ணமுமாக ஒரு படம். மூலையில், ஏறி நின்றால் உடம்பை அளந்து சொல்லும் ஒரு மெஷின். மகனைச் செருப்பில்லாமல் அதில் ஏற்றி, இரண்டு பிடியைக் கையில் கொடுத்து நிற்கச் சொன்னாள். ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான். இறங்கச் சொல்லிவிட்டாள். டேப்பால் கெண்டைக்காலைச் சுற்றி அளந்தாள். ஒரு கருவியைக் கொடுத்து, இறுக்கி அமுக்குங்கள் என்றாள். ஸ்க்ரூ முடுக்கித் தழும்பேறிய கையால் அதன் முள்ளைக் கொஞ்சம்தான் நகர்த்த முடிந்தது.

கறிக்கடைக்காரர் பொறுத்துக்கொண்டு நின்றார். "எடை ஏறியிருக்கா இல்லையா?"

"ஏறியிருக்கு ஐயா. அதுதான் எனக்குக் கவலை."

"எறங்கினாலும் கவலை, ஏறினாலும் கவலை. கவலைப்படத்தான் உங்களுக்குச் சம்பளமே குடுக்கறாங்களா?"

அவள் மகனைப் பார்த்துப் பேசினாள். "ஏறினது கொழுப்பும் நீரும். தசை போன தடவையைவிட ரொம்பக் குறைஞ்சிருக்கு."

"என்னது, சதை குறைஞ்சிருக்கா?" அவர் மகனுடைய சட்டையைத் தூக்கித் தொப்பையைக் காட்டினார். "இது என்ன? பஞ்சா வச்சுத் தச்சிருக்கு? கன்னத்தப் பாரு! உனக்குக் கண்ணாடி போட வேண்டிய வயசுகூட இல்லையேம்மா!"

"அது சதை ஐயா. நான் சொல்றது தசை."

"அதைத்தானே நானும் சொல்றேன். சதை!"

"தசை."

"சதை!"

மகன் கண்ணை மூடிக்கொண்டான். மருமகள் மாமனாரைப் பார்த்தாள், டாக்டரம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் மாமனாரைப் பார்த்தாள்.

டாக்டரம்மா குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்திச் சொன்னாள். "முதல்ல த. அப்புறம் சை. த... சை. உடம்பைத் தூக்கி நிறுத்துறது அது. சதை வேற."

அவள் ஒரு காகிதத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"இவர் தினமும் என்ன சாப்பிடறார்?" என்று கேட்டாள். கேட்டதற்கெல்லாம் கறிக்கடைக்காரர்தான் பதில் சொன்னார். பால், சர்க்கரை, வெண்ணெய், சோறு, கிழங்கு. மறைக்க என்ன இருக்கிறது?

"முட்டை?"

"நான் தினமும் அவிச்சு வச்சுட்டுத்தான் போறேன்," என்றாள் மருமகள்.

"அப்பா சாப்பிடறார்," என்றான் மகன்.

மருமகள் மாமனார் பக்கம் திரும்பினாள்.

"நடக்கறாரா?"

"நடக்க விடுவனா? நடந்தா ஏறினது எறங்கிடாது? கட்டிப் போட்ட மாதிரி வச்சிருக்கேன்."

"யாரு ஐயா உங்களை அப்படி வைக்கச் சொன்னது?"

"நீதான்! சதை போடணும்னு நீதானே சொன்ன!"

"தசை போடணும்னு சொன்னேன். முட்டை, பருப்பு, நல்லா வெந்த கறி குடுக்கணும், தினமும் நடக்கணும், நாற்காலியிலேருந்து எழுந்து எழுந்து உட்காரணும்னு சொன்னேன்."

"வாயில துணியைக் கட்டிக்கிட்டுச் சொன்னா எனக்கு என்ன கேக்கும்?"

"துணியைக் கட்டாம சொன்னா அன்னைக்கு இருந்த நிலைமையில இவருக்குத் தொத்திக்கும். அதனாலதான் எழுதித் தரேன்னேன். நீங்கதான் வேண்டாம்னீங்க." அவளுக்கும் குரல் ஏறிவிட்டது. கீழே இறக்கிக்கொண்டாள். "கறிக்கடைதானே வச்சிருந்தீங்க? உங்க பாஷையில சொல்றேன். கொழுப்பு இல்லாத வெறும் கறி. அது இவர் உடம்புல இல்லை."

"அப்ப அன்னைக்கே கறின்னு சொல்லியிருக்கணும்!" அவர் மேஜையில் தட்டினார். பேனா ஒன்று உருண்டு விழுந்தது. "கடை நடத்தின காலமெல்லாம் ஒருத்தன்கூட எங்கிட்ட வந்து அரைக் கிலோ தசை குடுன்னு கேட்டதில்ல. கேட்டா குடுத்திருப்பேன்."

"நீங்க மட்டும் காரணம் இல்லை. இவர் சாப்பிடற மாத்திரையும் தசையைத் தின்னும். அதுக்குத்தான் நடக்கச் சொல்றதே."

"ஆங்! இப்ப வந்துச்சு பாரு வெளிய. மருந்து தின்னுதுன்னு நீயே சொல்ற. உங்க மருந்து தின்னதுக்கு என் சோத்து மேல எதுக்கு பாயறீங்க?"

"மாமா, போதும்," என்றாள் மருமகள். அவள் அதுவரை அந்தக் குரலில் அவரிடம் பேசியதில்லை. "ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருந்தா என்ன? டாக்டரம்மா நேரா சொன்னாங்க, நேரா சொன்னாங்கன்னு என் வாயை அடைச்சீங்களே!"

"நீ மட்டும் நாள் முழுக்க வீட்ல இருந்து பார்த்தியா?"

"நானும் வேலைக்குப் போகலன்னா யாரு போறது?"

டாக்டரம்மா இரண்டு பேரையும் விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினாள். கைப்பிடி இல்லாத அந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொன்னாள்.

மகன் முன்னால் குனிந்தான். இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்பவேயில்லை. திரும்பவும் முயன்றான். கொஞ்சம் எழும்பித் தொப்பென்று உட்கார்ந்தான். நெற்றியில் வேர்வை அரும்பியது. கறிக்கடைக்காரர் பாய்ந்து அவன் கக்கத்தில் கையை விட்டார்.

"கையை எடுங்கப்பா."

"விழுந்துடுவடா."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

ஆஸ்பத்திரியில் அத்தனை மாதம் ஊசி குத்தியபோதும், வாய் வெந்து கிடந்தபோதும் உயராத குரல் அது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைப் பார்த்துத் திரும்பினார்கள்.

"எனக்குப் பசிக்குதுன்னு மட்டும்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது. ஜன்னல்கிட்ட போகணும்னு சொன்னேனே, அது கேட்டுச்சா? தராசுல ஏத்தித் தெருவுக்கே காட்டினீங்க. எறங்க முடியாம சுவரைப் பிடிச்சேனே, பாத்தீங்களா? அன்னைக்குக் கக்கூஸ்ல..." மருமகளைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். பிறகு அதையும் சொன்னான். "கக்கூஸ்ல எழுந்திரிக்க முடியாம உட்கார்ந்திருந்தேன். இவர்தான் வந்து தூக்கினார். நான் ஏணி ஏறணும்பா. தொப்பையை வச்சுக்கிட்டு எதுல ஏறுவேன்?"

மருமகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கறிக்கடைக்காரர் கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மகன் காலைப் பின்னுக்கு இழுத்து வைத்தான். மூச்சை இழுத்துப் பிடித்தான். இடுப்பு கிளம்பியது. பாதியில் நின்றது. அந்தரத்தில் அப்படியே தொங்கியது. தொடை துணிக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகலோடு நிமிர்ந்தான். நின்றுவிட்டான். நின்றவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"போதும், உட்காருங்க," என்றாள் டாக்டரம்மா. "இதை வீட்ல தினமும் செய்யணும். முட்டை வாடை பிடிக்கலன்னா வேற வழி சொல்றேன். சர்க்கரையைக் குறைச்சுக்கலாம். உடனே நடக்காது. ஏணி ஏற நாளாகும். ஆனா, விட்டுட்டா ஏறவே முடியாது."

"நாளையிலேருந்து என் சாப்பாட்டை நானே பார்த்துக்கறேன்," என்றான் மகன், அப்பாவைப் பார்க்காமல்.

"பார்த்துக்கோ," என்றார் கறிக்கடைக்காரர். "நல்லாப் பார்த்துக்கோ. ஒரு தடவை எழுந்திரிச்சதுக்கே இந்த மூஞ்சி. தினம் தினம் செஞ்சா என்ன மிஞ்சுமோ, அதையும் இந்த மெஷின்லயே ஏத்திப் பாருங்க."

"மாமா, எங்க போறீங்க?"

"எனக்கு நம்பிக்கை இல்ல. அவ்வளவுதான்."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். மொட்டைத் தலையோடு ஒரு பெண், பக்கத்தில் அவளுக்காகப் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்த ஒருத்தன், தூங்கி விழும் ஒரு கிழவன். எல்லோர் உடம்பையும் கண்ணால் எடை போட்டுக்கொண்டே நடந்தார். அவருக்குப் பின்னால், மூடிய கதவுக்குள், நாற்காலி தரையில் உரசியது. மறுபடியும் உட்கார வைத்துவிட்டார்கள். மறுபடியும் எழுந்திருக்கச் சொல்வார்கள். நின்று கேட்கவில்லை.

லிஃப்டுக்குக் கூட்டம் நின்றது. படியில் இறங்கினார். ஒரு கொட்டாவி நேரம் அந்த மெஷின் மேலே ஏறி நின்றால் உள்ளே எது கறி, எது கொழுப்பு என்று சொல்லிவிடுமாம். அறுத்துப் பார்க்காமல் எவனுக்குத் தெரியும்? தனக்கே தெரிந்ததில்லை. த முதலில் வந்தால் என்ன, ச முதலில் வந்தால் என்ன, பெற்றவன் பட்டினி போட்டுக் கொன்றானா? சோறு போட்டதற்கு இத்தனை பேச்சு. எதிரே ஏறி வந்த நர்ஸ், "பார்த்து எறங்குங்க ஐயா," என்றாள்.

"எனக்குத் தசை, சதை எல்லாம் இருக்கு, போம்மா," என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைத் தொடாமல் இறங்கி, கேட்டைத் தாண்டி, வெயிலில் நடந்தார்.